எந்த மண்ணைப் படிக்கப் போறே?

பத்து கிராம் கரிசல் மண்ணை ஓவனில் காயவைத்து, 425 மைக்ரான் சல்லடையில் சலித்து, 100 மில்லி அளவு ஜாடியில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டும். இன்னொரு பத்து கிராமை அதே மாதிரி ஜாடியில் போட்டுக் காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்ற வேண்டும். கண்ணாடிக் குச்சியால் கிளறிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றிவிட்டு ஒரு நாள் முழுக்க அசைக்காமல் விட்டுவிட வேண்டும். மறுநாள் போய்ப் பார்த்தால் மண்ணெண்ணெயில் கிடக்கிற மண் போட்ட அளவிலேயே படிந்திருக்கும். தண்ணீரில் கிடக்கிற மண் பொங்கி மேலேறியிருக்கும். சாத்தூர்ப் பக்கம் எங்கள் புஞ்சையில் எடுத்த மண் ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தது.

நான் வெளிநாட்டுக்குப் படிக்கப் போனதற்கு அந்த இரண்டு ஜாடிகள்தான் தொடக்கம்.

அதற்கு முன்னால், 1998-இல், சிவில் படித்த கல்லூரியின் விடுதியில் எங்களுக்குத் தெரிந்த திட்டமிடல் வேறு. மூன்றாம் ஆண்டு பிறந்ததும், அமெரிக்க மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வுக்குப் படிக்கிற பாரன்ஸ் புத்தகம் கைக்கு வந்துவிடும். சீனியர் அக்கா ஒருவர் விட்டுப்போனது. அட்டை போய், ஓரங்களில் பென்சிலில் தமிழ் அர்த்தம் எழுதியது. ராத்திரிச் சாப்பாடு முடிந்து வராண்டாவில் வரிசையாக உட்கார்ந்து ஒருத்தி சொல்லைச் சொல்ல, மற்றவர்கள் பொருள் சொல்வோம். ஜிஆர்இ தேர்வில் அப்போது மூன்று பகுதிகள், மொத்தம் 2400. இத்தனை மதிப்பெண் வந்தால் இன்ன பல்கலைக்கழகம் என்று கையால் எழுதின பட்டியல் ஒன்று அறைக்கு அறை சுற்றும். அதை நகலெடுத்து நகலெடுத்து ஊர்ப் பெயர்களே மாறிப்போயிருந்தன. எந்த ஊரில் குளிர் அதிகம், எங்கே நம் ஆட்கள் இருக்கிறார்கள், யாருடைய அண்ணனுக்கு எங்கே உதவித்தொகை கிடைத்தது என்பதெல்லாம் எங்களுக்கு மனப்பாடம். போய் எதைப் படிப்பது என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. ‘ஸ்ட்ரக்சரல்’ என்பார்கள், ‘என்விரான்மென்டல்’ என்பார்கள். அதற்குமேல் பேச்சு நீளாது.

அப்பா பஞ்சாயத்து யூனியன் பள்ளியில் வாத்தியார். அவருக்கும் இதில் குழப்பம் இருந்தது. சாஃப்ட்வேர் கம்பெனிகள் சிவில், மெக்கானிக்கல் என்று பார்க்காமல் ஆள் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. “மெட்ராஸ்லயே கம்ப்யூட்டர் வேலை குடுக்காங்களாமே தாயி, அதுக்கு என்ன?” என்பார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. வேலைக்காகத்தான் வெளிநாடு என்றால் சென்னையே போதும்.

பரிந்துரைக் கடிதத்துக்கு வருகிறேன். மற்ற தாள்கள் எல்லாம் தேர்வெழுதினால் வரும், இல்லையென்றால் பணம் கட்டினால் வரும். இது ஒன்றுதான் நம்மைத் தெரிந்த ஒருவர் மனம் வைத்து எழுத வேண்டியது. ஆனால் எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் அதற்கு ஒரு வழக்கம் ஏற்பட்டிருந்தது. மாணவர்களே மூன்று கடிதங்களை எழுதி, கல்லூரி வாசலில் இருக்கிற டிடிபி சென்டரில் லெட்டர்ஹெட்டில் அச்சடித்து, மூன்று ஆசிரியர்களிடம் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். போன வருடம் போனவருடைய கடிதம் சென்டர் கணினியிலேயே இருக்கும். பெயரை மாற்றினால் வேலை முடிந்தது. இந்த வழக்கம் இன்றைக்கும் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு இதைப்போலக் கெடுதல் செய்வது வேறெதுவும் இல்லை என்று நினைக்கிறேன். நன்றாகப் படித்தவளும் படிக்காதவளும் ஒரே வார்த்தைகளில் புகழப்பட்டுப் போய் நிற்கிறார்கள். அங்கே உட்கார்ந்து அவற்றைப் படிக்கிறவருக்கு இருவரில் ஒருவரையும் தெரிவதில்லை.

சாயில் மெக்கானிக்ஸ் எடுத்த சார் அந்த வழக்கத்துக்கு ஒத்துவராதவர். நான் கேட்கப் போனபோது மேசையில் மண் அப்பிய பித்தளை வளையம் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“நான் எழுதாத லெட்டர்ல நான் கையெழுத்துப் போடுறதில்லைம்மா. நானே எழுதணும்னா உன்னைப் பத்தி எனக்கு ஏதாவது தெரியணும். எந்த யூனிவர்சிட்டிங்கிறது இருக்கட்டும். நீ எந்த மண்ணைப் படிக்கப் போறே?”

விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது அந்தக் கேள்வியும் கூடவே வந்தது. எங்கள் வீட்டு மேற்குச் சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு வெடிப்பு உண்டு. சித்திரையில் விரல் நுழையும். அம்மா சுண்ணாம்பும் மண்ணும் குழைத்து அடைப்பாள். ஐப்பசி மழை இறங்கினால் வெடிப்பு தானாக ஒடுங்கி, அடைத்த சாந்தைப் பிதுக்கித் தள்ளிவிடும். அடுத்த கோடையில் மறுபடியும் திறக்கும். ஊரில் பாதி வீடுகள் இப்படித்தான். புஞ்சையில் கோடை வெடிப்புக்குள் முழங்கை வரைக்கும் கை போகும். பருத்திக்கு வாரிக் கொடுக்கிற மண் சுவருக்கு மட்டும் இரக்கம் காட்டுவதில்லை. இதற்கெல்லாம் காரணம் மாண்ட்மோரில்லோனைட் என்கிற களிமண் கனிமம். தாள் தாளாக அடுக்கியிருக்கும் அதன் படலங்களுக்கு இடையே தண்ணீர் புகுந்துகொள்ளும், வெயிலில் வெளியேறிவிடும். மழைக்கு மண் வீங்கும், வெயிலுக்குச் சுருங்கும். மேலே இருக்கிற வீடு இரண்டுக்கும் ஆட வேண்டியிருக்கிறது.

பாடப்புத்தகத்தில் ‘பிளாக் காட்டன் சாயில்’ என்று ஒரு பத்தி இருந்தது. பரீட்சைக்கு அதைப் படித்து எழுதியும் இருக்கிறோம். அது எங்கள் வீட்டு மேற்குச் சுவரைப் பற்றியது என்று அன்றைக்குத்தான் உறைத்தது. புஞ்சை மண்ணை ஒரு சிமென்ட் சாக்கில் அள்ளி, சாத்தூரில் பஸ் ஏற்றி, சாரிடம் கொண்டுபோய் வைத்தேன். அவர் ஒரு பிடி எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்து, “அட்டெண்டர் அண்ணன்கிட்ட ஓவன் சாவி இருக்கு, போய் வாங்கிக்கோ” என்றார். அப்படித்தான் ஜாடிகளுக்கு வந்து சேர்ந்தேன்.

அடுத்து கன்சாலிடேஷன் சோதனை. இரண்டு சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு வில்லை மண்ணை வளையத்தில் அடைத்து, மேலும் கீழும் நுண்துளைக் கல் வைத்து, தண்ணீரில் அமிழ்த்தி எடை ஏற்ற வேண்டும். சதுர சென்டிமீட்டருக்குக் கால் கிலோ, அரை, ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு. ஒவ்வொரு எடையும் 24 மணி நேரம் நிற்க வேண்டும். எடை ஏற்றியதும் கால் நிமிடம், ஒரு நிமிடம், இரண்டே கால், நான்கு, ஆறே கால், ஒன்பது என்று வர்க்கக் கணக்கில் டயல் கேஜைப் படித்து எழுத வேண்டும். முள் முதலில் வேகமாக ஓடும், பிறகு தயங்கும், அதன்பிறகு நின்றுவிட்டதோ என்று நமக்கே சந்தேகம் வரும். மண்ணுக்குள்ளிருந்து தண்ணீர் வெளியேற அவ்வளவு நேரம் எடுக்கிறது. அதற்கு ஞாயிற்றுக்கிழமையும் தெரியாது, தீபாவளியும் தெரியாது. விடுதியே காலியாகிற நாட்களிலும் வாட்ச்மேனிடம் சாவி வாங்கிக்கொண்டு எடை மாற்றப் போவேன். ஒரு பொங்கலுக்கு ஊருக்குப் போகாமல் இருந்ததில் அம்மாவுக்கு ரொம்ப நாள் வருத்தம்.

இந்தச் சோதனையின் கணக்கைக் கொடுத்தவர் டெர்ஸாகி. பிராகில் பிறந்து, கிராட்ஸில் படித்து, முதல் உலகப்போர்க் காலத்தில் இஸ்தான்புல்லுக்குப் பாடம் நடத்தப் போனவர். அங்கே கிடைத்த எளிய சாமான்களை வைத்துக் கருவி செய்து களிமண்ணை அமுக்கிப் பார்த்தார். 1925-இல் அவருடைய மண் இயக்கவியல் நூல் வியன்னாவில் ஜெர்மன் மொழியில் வெளியானது. அதே ஆண்டு அமெரிக்காவில் எம்ஐடிக்குப் போனார். சார் இதைச் சொல்லிவிட்டு, “வெளியூர் போனவங்களாலதான்மா இந்த சப்ஜெக்டே உண்டாச்சு” என்பார். நான் போவதில் அவருக்கு இருந்த விருப்பம் அந்த மாதிரிப் பேச்சில்தான் தெரியும்.

அவருடைய பீரோவில் ஒரு தடிமனான தொகுப்பு இருந்தது. விரியும் மண்ணுக்கென்றே உலக மாநாடு ஒன்று நடந்துவந்தது. முதலாவது 1965-இல் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில், ஆறாவது 1987-இல் புதுதில்லியில். தில்லித் தொகுப்புதான் அது. கட்டுரைகளில் பாதி எனக்குப் புரியவில்லை. சார் அவற்றைப் படிக்கச் சொல்லவும் இல்லை. ஒவ்வொரு தலைப்புக்குக் கீழேயும் இருக்கிற பெயரையும் ஊரையும் நோட்டில் எழுதச் சொன்னார். டெக்சஸ், கொலராடோ, ஹைஃபா, அடிலெய்டு, தென்னாப்பிரிக்கா என்று எழுதிக்கொண்டே போனால் உலகத்தில் வீடு வெடிக்கிற ஊர்களின் வரைபடம் ஒன்று கிடைத்தது. எங்கள் விடுதிப் பட்டியலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பட்டியலில் உச்சியில் இருந்த சில இடங்களில் இந்த மண்ணைத் தொடுகிறவரே இல்லை. பட்டியலில் இடம்பெறாத ஓர் ஊரில் இதற்கென்றே ஒரு கூட்டம் இருந்தது. கொலராடோ ஸ்டேட் பல்கலைக்கழகத்து நெல்சனும் மில்லரும் 1992-இல் விரியும் மண் பற்றி எழுதிய புத்தகத்தின் நகலைச் சார் எங்கிருந்தோ வரவழைத்திருந்தார். டெக்சஸின் கறுப்பு மண்ணுக்கு ஹூஸ்டன் பிளாக் என்று பெயர், அதிலும் பருத்திதான் விளைந்தது என்று படித்தபோது எனக்கு அந்நியமாக இருந்த அந்த நாடு சட்டென்று பக்கத்தில் வந்துவிட்டது.

இதை இந்தியாவிலேயே படிக்கக் கூடாதா என்று நானே சாரிடம் கேட்டேன். படிக்கலாம் என்றார். ஐஐடி பம்பாயில் கட்டி என்பவர் விரியாத களிமண்ணை ஓர் அடுக்காகப் பரப்பிக் கீழ்மண்ணை அடக்குகிற முறையைக் கண்டுபிடித்திருக்கிறார். ரூர்க்கியில் இருக்கிற மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் அடியில் குமிழ் வைத்த பைல்களைக் கரிசலுக்கென்றே கொடுத்திருக்கிறது. இதில் நம் நாடு யாருக்கும் பின்தங்கியதில்லை என்று விளக்கினார். பிறகு எங்கள் லேபைச் சுற்றிக் காட்டினார். “இங்க இருக்கிற எல்லாக் கருவியும் மண்ணைத் தண்ணியில முக்கித்தான் சோதிக்கும். உங்க வீட்டு அஸ்திவாரத்துக்குக் கீழ மண் வருஷத்துல முக்கால்வாசி நாள் அரைகுறை ஈரமாத்தானே இருக்கு? அந்த ஈரம் மண்ணைப் பிடிச்சு இழுக்கிற இழுப்பை, சக்‌ஷனை, அளக்கணும். அதைக் கத்துக்கிட்டு வா.” முழுதும் நனையாத மண்ணைப் பற்றி கனடாவின் ஃப்ரெட்லண்டும் ரஹார்ஜோவும் எழுதிய புத்தகம் 1993-இல்தான் வந்திருந்தது. துறையே இளசாக இருந்தது. எனக்குப் போகக் காரணம் கிடைத்துவிட்டது. நீ எதைக் கற்றுக்கொள்ளப் போகிறாய், அது ஏன் இங்கே கிடைக்கவில்லை என்ற இரண்டுக்கும் ஒரு இளநிலை மாணவியிடம் பதில் இருந்தால் மற்றதெல்லாம் அலைச்சல்தான், செய்துவிடலாம் என்று இன்றைக்கும் சொல்வேன்.

அலைச்சல் நிறைய இருந்தது. சென்னை ஜெமினி மேம்பாலத்துக்கு அருகே அமெரிக்கத் துணைத் தூதரகக் கட்டடத்தில், அமெரிக்கப் படிப்புக்கு வழிகாட்டுகிற யூஸ்எஃபி அலுவலகம் இருந்தது. இப்போது அதன் பெயர் யூசிஃப். அங்கே பீட்டர்சன்ஸ் வழிகாட்டிப் புத்தகங்களும் பல்கலைக்கழகக் கையேடுகளும் அடுக்கியிருக்கும். ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கி, உறவுக்காரர் வீட்டில் குளித்துவிட்டு, திறக்கும்போதே போய் உட்கார்ந்து முகவரிகளை எழுதி வருவேன். மதுரையில் பிரௌசிங் சென்டரில் மணிக்கு 40 ரூபாய். பேராசிரியர்களுக்கு எழுத வேண்டியதை வீட்டிலேயே தாளில் எழுதித் திருத்தி எடுத்துப் போய் வேகமாக அடிக்க வேண்டும். என் மதிப்பெண்ணைப் பற்றி அதில் ஒரு வரிதான். மீதியெல்லாம் ஜாடி, வளையம், எடை, மேற்குச் சுவர்.

விண்ணப்பக் கட்டணம் நாற்பது, ஐம்பது டாலர். டாலர் அப்போது 43 ரூபாய்க்குமேல் இருந்தது. டாலரில் டிராஃப்ட் எடுக்க எங்கள் ஊர் வங்கிக் கிளைக்கு வசதியில்லை என்று பெரிய ஊருக்கு அனுப்பினார்கள். மதிப்பெண் சான்றுகளைப் பல்கலைக்கழக அலுவலகத்தில் உறையிலிட்டு, ஒட்டிய இடத்தில் குறுக்கே கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்துத் தர வேண்டும். அந்த உறைக்காக நான் அங்கே பெஞ்சில் காத்துக்கிடந்த நேரத்தில் இன்னொரு செமஸ்டர் படித்திருக்கலாம். பணம் கட்டிய செலான் இருந்தும், கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. பிள்ளைகளின் ஒரு வருடம் இப்படி ஒரு உறையில் தொங்குவது அந்த நாற்காலிகளில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்த ஒரு குமாஸ்தா அம்மா இருந்தார். கடைசியில் அவர்தான் தேடி எடுத்து, தேதி போட்டு ஒட்டிக் கொடுத்தார்.

கடன் பற்றி அப்பா விசாரித்துக் களைத்துவிட்டார். வங்கிகளுக்கான மாதிரிக் கல்விக் கடன் திட்டம் 2001-இல்தான் வந்தது. அதற்கு முன்னால் மேனேஜர் மனம் வைத்தால் உண்டு. விசாவுக்குப் பணம் காட்ட வேண்டுமே என்று பெரியப்பா தன் வீட்டுப் பத்திரத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அம்மா நகையைக் கழற்றி எடைபோட்டாள். புஞ்சைக்கு மதிப்பீட்டுச் சான்று வாங்கினோம். நல்லவேளையாக டெக்சஸில் ஒரு பேராசிரியர் தன் ஆராய்ச்சித் திட்டத்தில் உதவியாளராக எடுத்துக்கொண்டு கட்டணத்தையும் தள்ளுபடி செய்து எழுதிவிட்டார். விசாவுக்கு வேண்டிய ஐ-20 படிவம் வந்த தபாலை அப்பா பிரிக்காமல், நான் ஊர் வரும்வரை பூஜை அலமாரியில் வைத்திருந்தார்.

2000-ஆம் ஆண்டு விசாவுக்கு நின்றபோது விடிவதற்கு முன்பே ஜெமினியில் வரிசை வளைந்திருந்தது. ஊர் திரும்புவேன் என்று அதிகாரிக்கு நம்பிக்கை வராவிட்டால் 214 பி பிரிவில் மறுத்துவிடுவார்கள் என்பதுதான் வரிசை முழுக்கப் பேச்சு. எனக்கு முன்னால் நின்ற பையன் பத்திரங்களைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தான். என்னிடம் என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டார்கள். மண் என்றேன். எந்த மண் என்று கேட்டார்கள். சாரே வந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துவிட்டாரோ என்றிருந்தது. எங்கள் வீட்டு வெடிப்பில் தொடங்கி டெக்சஸ் பருத்திக்காடு வரைக்கும் சொன்னேன். பெரியப்பாவின் பத்திரத்தை அவர்கள் பார்க்கவே இல்லை.

அந்தப் பரிந்துரைக் கடிதத்தில் சார் என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று விண்ணப்பத்திலேயே கையெழுத்துப் போட வேண்டும். சார் தானே டைப் அடித்து ஒட்டி, தபாலையும் தானே சேர்த்தார். டெக்சஸ் போய்ச் சேர்ந்த பல மாதங்களுக்குப் பிறகு ஒரு நாள், லேபில் எடை மாற்றிக்கொண்டிருந்தபோது, என் வழிகாட்டிப் பேராசிரியர் கதவருகே நின்று, உங்கள் ஊர் அறுவடைப் பண்டிகை எப்போது வரும் என்று கேட்டார். ஜனவரி என்றேன். “அன்றைக்கு இங்கே வர வேண்டாம், எடையை நான் மாற்றிக்கொள்கிறேன்” என்றார். கடிதத்தில் இருந்ததில் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அன்றைக்கு விடுதிக்கு நடந்து போகும்போது அழுதுவிட்டேன். சாருக்கு அதை எழுதிப் போட்டேன். பதிலில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சக்‌ஷன் அளக்கிற வடிதாள் முறை பற்றி இரண்டு பக்கம் கேட்டிருந்தார்.

இப்போது மதுரையில் அஸ்திவார ஆலோசகராக இருக்கிறேன். தம்பி மகள் கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. “அத்தை, ஜெர்மனி போலாம்னு இருக்கேன், அங்க ஃபீஸே கிடையாது” என்று போன வருடம் தொடங்கினாள். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கிடையாதுதான். ஆனால் பாடன்-வ்யூர்ட்டம்பர்க் மாநிலத்தில் 2017 முதல் நம்மைப் போன்ற வெளிநாட்டவருக்கு செமஸ்டருக்கு 1500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து கட்டணம் வாங்குகிறது. விசாவுக்கு முடக்கக் கணக்கில் ஒரு வருடச் செலவுக்கு 11,904 யூரோ போட்டுக் காட்ட வேண்டும். நம் சான்றிதழ்களைச் சரிபார்க்கிற ஏபிஎஸ் சான்று 2022 நவம்பரிலிருந்து கட்டாயம். இவையெல்லாம் அவள் விரல் நுனியில் இருந்தன. நம் மதிப்பெண்ணை அவர்களுடைய ஒன்றிலிருந்து நான்கு வரையான அளவுக்கு மாற்றுகிற பவேரியச் சூத்திரத்தையும் கணக்கிட்டு வைத்திருந்தாள். ஜிஆர்இ இப்போது இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது, பல இடங்களில் கேட்பதும் இல்லை. எங்கள் வராண்டாவில் பாதி ராத்திரி வரை நாங்கள் சுமந்ததில் பெரும் பங்கு இவளுக்கு இல்லை. எனக்கு அதில் சந்தோஷம்தான்.

எதைப் படிக்கப் போகிறாய் என்று கேட்டேன். மெக்கட்ரானிக்ஸ் என்றாள், பிறகு ஆட்டோமோட்டிவ் என்றாள். அவள் தங்கியிருக்கிற வீதியில் மோட்டார் பம்ப் பட்டறைகள் வரிசையாக உண்டு. அங்கே ஒரு பட்டறையில் பயிற்சிக்குப் போனவள், பேரிங் போகப்போவதை மேஸ்திரி ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டே சொல்லிவிடுகிறார் என்று வந்து சொன்னாள். அதைச் சொன்ன குரல் வேறாக இருந்தது. அந்தச் சத்தத்தைக் கருவியில் பிடிக்க முடியுமா, எந்த அதிர்வெண்ணில் தெரியும் என்று நானும் கேட்டேன். இப்போது சனிக்கிழமைகளில் கல்லூரிப் பம்ப் சோதனை மேடையில் அதிர்வு அளக்கிறாள். மாலையில் ஜெர்மன் பி1 வகுப்பு. ஆசிரியர் வழக்கம்போலக் கடிதத்தை நீயே எழுதிக் கொண்டுவா என்றாராம். “அடுத்த வருஷம் வாங்கிக்கிறேன் சார், அதுவரைக்கும் நான் எடுக்கிற ரீடிங்கை வாராவாரம் பாருங்க” என்று கேட்டிருக்கிறாள். பார்க்கிறாராம். சில வாரங்களாக அவரே வந்து மேடையில் நிற்கிறாராம்.

அவள் போக நினைக்கிற இடத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஜெர்மானியர்கள் பட்டத்தின் பெயரை மட்டும் பார்த்து உள்ளே விடுவதில்லை. கணிதத்தில் இத்தனை, இயக்கவியலில் இத்தனை, கட்டுப்பாட்டுப் பொறியியலில் இத்தனை கிரெடிட் என்று பாடம் பாடமாக எண்ணுகிறார்கள். அவர்கள் கணக்கில் ஒரு வருடத்துக்கு 60. ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. இவளுடைய பாடத்திட்டத்தில் கட்டுப்பாட்டுப் பொறியியல் என்ற பெயரில் தாளே இல்லை. அது இரண்டு தாள்களுக்குள் பாதிப் பாதியாக ஒளிந்திருக்கிறது. அதை அலகு வாரியாகப் பிரித்து எழுதித் துறைத் தலைவரிடம் சான்றொப்பம் வாங்க வேண்டும். போதவில்லையென்றால் ஏழாம் செமஸ்டரில் விருப்பப் பாடமாக எடுத்துக்கொள்ளலாம். அதற்கு இப்போதே பெயர் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பாடத்திட்டப் புத்தகத்தோடு வரச் சொல்லியிருக்கிறேன்.